புதுசா அசெம்பிள் பண்ண கம்ப்யூட்டர் ஆன் ஆகலையா? அறிகுறியைப் பார்த்து பிழை பிடிக்கிற வழி

பட்டனை அமுக்கியாச்சு, ஒண்ணும் வரல. இல்லேன்னா ஃபேன் எல்லாம் ஜோரா சுத்துது, ஆர்ஜிபி லைட்டெல்லாம் மின்னுது, மானிட்டர் மட்டும் கருப்பாவே இருக்கு. இந்த நேரத்துல முக்கால்வாசி பேர் செய்யறது ரெண்டே விஷயம்: ஒண்ணு மொத்தத்தையும் கழட்டி மறுபடி மாட்டுவாங்க, இல்லேன்னா "மதர்போர்டு போச்சு"ன்னு முடிவு பண்ணி டப்பாவோட, நம்ம சிங்கப்பூர்ல கம்ப்யூட்டர் கடைங்க இருக்கிற சிம் லிம் ஸ்கொயருக்கு கிளம்பிடுவாங்க. ரெண்டுமே இப்ப வேணாம். கம்ப்யூட்டர் எந்த இடம் வரைக்கும் போய் நிக்குதுன்னு பாருங்க, கோளாறு எங்கன்னு அதுலயே பாதி தெரிஞ்சிடும். கரண்டே ஏறலையா, ஏறி உடனே விழுதா, ஏறி நின்னும் படம் வரலையா, படம் வந்து விண்டோஸ் வரலையா, ஒவ்வொண்ணுக்கும் பார்க்க வேண்டிய இடம் வேற. என் அனுபவத்துல புதுசா கட்டின மெஷின்ல பார்ட் நெஜமாவே செத்துப்போயிருக்கிறது கம்மி, சரியா உக்காராத ஒரு கனெக்டர், தப்பான ஸ்லாட், பழைய பயோஸ் (ஆன் ஆனதும் முதல்ல ஓடற, போர்டுலேயே இருக்கிற சாஃப்ட்வேர்), இல்ல வெறும் அவசரம், இதுதான் திரும்பத் திரும்ப வரும்.

ஒரே ஒரு சட்டம் வச்சுக்கோங்க. ஒரு நேரத்துல ஒரு மாத்தம் மட்டும். ரேமையும் மாத்தி கேபிளையும் மாத்தி பேட்டரியையும் கழட்டிட்டா, ஓடினாலும் எதனால ஓடிச்சுன்னு தெரியாது, நாளைக்கு அதே கோளாறு வந்தா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். ஒவ்வொரு தடவை உள்ள கை வைக்கறதுக்கு முன்னாடியும் சுவர் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு, பவர் பட்டனை ஒரு பத்து விநாடி அமுக்கிப் பிடிங்க, போர்டுல மிச்சம் இருக்கிற சார்ஜ் இறங்கிடும். ஸ்டாட்டிக் பத்தி பயப்படறவங்களுக்கு: நம்ம ஊர் ஈரக்காத்துல அது குளிர் நாடு அளவுக்கு தொல்லை பண்ணாது, ஆனா ராத்திரி முழுக்க ஏர்கான் ஓடின ரூம்ல காத்து காஞ்சு போயிருக்கும், அதனால கேஸோட பெயின்ட் இல்லாத இரும்பை ஒரு தடவை தொட்டுட்டு வேலையை ஆரம்பிங்க.

பவர் சப்ளை பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ள இருக்கிற கெபாசிட்டர்ல ஆளை அடிக்கிற அளவுக்கு கரண்ட் தங்கியிருக்கும்.

சத்தமும் இல்ல, லைட்டும் இல்ல, ஒண்ணுமே இல்ல

சுவர்லேர்ந்து ஆரம்பிங்க. நம்ம ஊர் சாக்கெட்ல சுவிட்ச் இருக்கும், அது ஆன்ல இருக்கா? அதே சாக்கெட்ல ஃபோன் சார்ஜரை மாட்டிப் பாருங்க. எக்ஸ்டென்ஷன் கட்டைன்னா அதைத் தூக்கி ஓரமா வச்சுட்டு நேரா சுவர்லயே குத்துங்க. அப்புறம் பவர் சப்ளைக்குப் பின்னாடி இருக்கிற குட்டி சுவிட்ச், கோடு போட்ட பக்கம் அமுங்கியிருக்கணும், வட்டம் போட்ட பக்கம் அமுங்கியிருந்தா ஆஃப். ரொம்பப் பழைய பவர் சப்ளை கைமாத்தி வாங்கியிருந்தா பின்னாடி 115, 230ன்னு சிவப்பு சுவிட்ச் இருக்கலாம், அது 230லதான் இருக்கணும். இங்க வர்றது 230 வோல்ட், 115ல வச்சு ஆன் பண்ணா பவர் சப்ளை அங்கேயே புகைஞ்சிடும்.

வெளிநாட்டு சைட்லேர்ந்து பார்ட்ஸ் வரவழைக்கிறவங்க இதைக் கவனிங்க. சீனாலேர்ந்து வர்ற பவர் சப்ளையோட அந்த ஊரு தட்டை ஊசி பிளக் கேபிள் வரும். அதை ட்ராவல் அடாப்டர் வச்சு குத்தாதீங்க, பல அடாப்டர்ல எர்த் பின்னு பேருக்குத்தான் இருக்கும், உள்ள கனெக்‌ஷனே கிடையாது. நம்ம மூணு சதுர ஊசி பிளக், 13 ஆம்ப் ஃபியூஸ், சேஃப்டி மார்க் போட்ட கேபிள் தனியா கிடைக்கும், விலையும் கம்மி, கெட்டில் கேபிள் மாதிரி முனை இருக்கிறதைக் கேட்டு வாங்குங்க.

கரண்ட் வருதுன்னா போர்டைப் பாருங்க. நெறைய போர்டுல கரண்ட் ஏறினதுமே, பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடியே, ஏதாவது ஒரு குட்டி லைட் எரியும். எரியுதுன்னா பவர் சப்ளைலேர்ந்து ஸ்டாண்ட்பை கரண்ட் வந்துடுச்சு, சந்தேகம் பட்டன் மேல போகணும். கேஸோட பவர் பட்டன் ஒயர் ரெண்டு பின் இருக்கிற சின்ன தலை, அது போர்டோட கீழ் வலது மூலையில ஒம்போது பின் கூட்டத்துல ஒரு குறிப்பிட்ட ஜோடில உக்காரணும், ஒரு பின் தள்ளி மாட்டினாலும் வேலை செய்யாது. மேனுவல்ல அந்தப் படம் இருக்கும், அதைப் பார்த்து மாட்டுங்க, போர்டுல அச்சடிச்ச எழுத்து கேஸ் உள்ள இருட்டுல சரியா தெரியாது. சந்தேகத்தை ஒரேயடியா தீர்க்கணும்னா அந்த ஒயரைக் கழட்டிட்டு, பவர் ஸ்விட்ச்னு மேனுவல் காட்டுற ரெண்டு பின்னையும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் நுனியால ஒரு நொடி சேர்த்துத் தொடுங்க. பட்டன் செய்யற வேலையே அதுதான், அந்த இடத்துல இருக்கிறது அஞ்சு வோல்ட்டுக்குள்ள, ஷாக் அடிக்காது. ஓடிச்சுன்னா போர்டு நல்லா இருக்கு, கேஸ் பட்டனோ ஒயரோதான் கோளாறு, அதுவரைக்கும் ரீசெட் பட்டன் ஒயரை பவர் பின்ல மாட்டி ஓட்டிக்கலாம்.

தொட்டும் ஓடலையா? 24 பின் பெரிய கனெக்டரை மறுபடி பாருங்க. இது புது போர்டுல ரொம்ப விறைப்பா இருக்கும், போர்டு வளையற மாதிரி தெரியும், அதுக்கு பயந்து பாதியில விட்டுடுவாங்க. கொக்கி அந்தப் பக்கம் போய் "டக்"னு விழற வரைக்கும் அழுத்தணும், விழுந்ததுக்கு அப்புறம் ரெண்டுக்கும் நடுவுல நகம் நுழையற இடைவெளி இருக்கக்கூடாது. மாடுலர் (கேபிளைத் தனியா கழட்டி மாட்டற) பவர் சப்ளைன்னா பவர் சப்ளை பக்கத்து முனையையும் பாருங்க, எல்லாரும் போர்டு பக்கத்தையே பார்த்துட்டு அதை மறந்துடுவாங்க. இதோட சேர்த்து ஒரு எச்சரிக்கை: பழைய பவர் சப்ளையோட மாடுலர் கேபிளை புதுசுல மாட்டாதீங்க. பிளக் கச்சிதமா பொருந்தும், ஆனா பின் வரிசை கம்பெனிக்கு கம்பெனி வேற, ஒரே கம்பெனிலயே மாடலுக்கு மாடல் வேறயா இருக்கும், 12 வோல்ட் போக வேண்டாத இடத்துக்குப் போய் எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் சேர்ந்து போயிடும்.

பவர் சப்ளையை தனியா சோதிக்க, சில பிராண்ட் டப்பாவிலயே 24 பின் முனையில மாட்டற குட்டி டெஸ்டர் பிளக் வரும். அதை மாட்டி சுவிட்ச் போட்டா ஃபேன் சுத்தணும். ஆனா இப்ப வர்ற நல்ல பவர் சப்ளைல லோடு இல்லேன்னா ஃபேன் சுத்தாம இருக்கிற மோடு இருக்கு, சிலதுல அதுக்கு பின்னாடி ஒரு பட்டன் இருக்கும், இருந்தா அதை மாத்திட்டு பாருங்க, சுத்தலேங்கறதை வச்சு மட்டும் செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க.

சுவிட்ச் போட்டதும் வீட்ல கரண்டே போயிடுது

டிபி பாக்ஸ்ல (வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டி) எது விழுந்துச்சுன்னு பாருங்க. ஈஎல்சிபின்னு நாம சொல்ற பெரிய சுவிட்ச் விழுந்திருந்தா எங்கயோ எர்த்துக்கு கரண்ட் கசியுதுன்னு அர்த்தம், வீட்டுக்குப் போடறது 30 மில்லி ஆம்ப்லயே விழுந்துடும். கம்ப்யூட்டரைப் பிடுங்கிட்டு நிமிர்த்துங்க. விழாம நின்னுச்சுன்னா, வேற கேபிள் போட்டு ஒரே ஒரு தடவை பாருங்க. மறுபடி விழுந்தா பவர் சப்ளையை மாத்தணும். விழ விழ நிமிர்த்தி நிமிர்த்தி சோதிக்காதீங்க, அந்த சுவிட்ச் உங்க உயிருக்காக இருக்கு.

ஒரு நொடி சுத்துது, உடனே நின்னுடுது

இது கெட்ட செய்தி மாதிரி தெரியும், ஆனா கண்டுபிடிக்க இதுதான் சுலபம். பவர் சப்ளை உயிரோட இருக்கு, ஏதோ ஒரு இடத்துல ஷார்ட் பார்த்துட்டு தன்னையே காப்பாத்திக்குது. அல்லது போர்டு ஏதோ ஒண்ணு சரியில்லேன்னு விட்டு விட்டு முயற்சி பண்ணுது.

முதல் சந்தேகம் ஸ்டாண்ட்ஆஃப். போர்டைத் தாங்க கேஸ்ல திருகற பித்தளைக் கால்கள் இருக்கே, அது. ஈஷூன்ல ஒரு நண்பர் வீட்ல பார்த்தது இது: பழைய கேஸ்ல பெரிய ஏடிஎக்ஸ் போர்டு இருந்த இடத்துல மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டை வச்சிருக்கார், பழைய கால் ஒண்ணு அப்படியே நின்னிருக்கு, புது போர்டுல அந்த இடத்துல ஓட்டையே கிடையாது. போர்டைத் தூக்கி பின்பக்கத்தை டார்ச்ல சாய்ச்சுப் பார்த்தா, கால் தலை அளவுக்கு ஒரு வட்டம், பச்சை வார்னிஷ் லேசா உரசி, ரெண்டு சால்டர் புள்ளி நடுவுல பித்தளைப் பொடி மினுமினுங்குது. அந்தக் காலைக் கழட்டி, பொடியை பிரஷ்ஷால துடைச்சு மறுபடி மாட்டினோம், ஓடிச்சு, இன்னைக்கு வரைக்கும் ஓடுது. கேஸ்ல எத்தனை கால் இருக்கோ அத்தனை ஓட்டை போர்டுல அதே இடத்துல இருக்கணும், ஒண்ணு கூட கூடுதலா இருக்கக்கூடாது. கீழ விழுந்து காணாமப்போன ஸ்க்ரூ இருந்தா அதையும் தேடுங்க, போர்டுக்கு அடியில போய் உக்காந்திருக்கும்.

அடுத்தது கிராஃபிக்ஸ் கார்டு, டிரைவ், முன்பக்க யூஎஸ்பி கேபிள் எல்லாத்தையும் கழட்டிட்டு ஆன் பண்ணிப் பாருங்க. அணையாம ஓடிச்சுன்னா ஒவ்வொண்ணா சேர்த்துட்டு வாங்க, எது சேர்ந்ததும் விழுதோ அதுதான். முன்பக்க யூஎஸ்பி 3 கனெக்டர்ல ஒரு பின் மடங்கினாலே சில போர்டு கிளம்பாது, அதையும் உத்துப் பாருங்க.

எல்லாம் ஓடுது, ஸ்கிரீன் மட்டும் கருப்பு

பெரும்பாலான பேர் மாட்டிக்கற இடம் இதுதான், அதனால இதுல கொஞ்சம் நிதானமா போவோம்.

முதல்ல காத்திருங்க. நெஜமா சொல்றேன், கையைக் கட்டிட்டு உக்காருங்க. டிடிஆர்5 ரேம் வந்ததுலேர்ந்து, முக்கியமா ஏஎம்டியோட ஏஎம்5 சாக்கெட் ரைசன்ல, முதல் தடவை ஆன் பண்ணும்போது போர்டு ரேமோட எந்த டைமிங்ல பேசறதுன்னு தானா பழகிக்கும், அதுக்கு மெமரி ட்ரெய்னிங்னு பேரு. அந்த நேரம் முழுக்க ஸ்கிரீன் கருப்பாதான் இருக்கும், போர்டுல டிராம்னு (ரேம்தான்) போட்ட குட்டி லைட் எரிஞ்சிட்டே இருக்கும், சிலது தானா ஆஃப் ஆகி மறுபடி ஆன் ஆகும். 32 ஜிபி ரெண்டு ஸ்டிக்னா ஒரு சில நிமிஷம், நாலு ஸ்டிக் போட்டு 128 ஜிபின்னா இன்னும் இழுக்கும். பாதியில பொறுமை போய் ஆஃப் பண்ணா அது மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும், திரும்ப ஆஃப் பண்ணா திரும்ப முதல்லேர்ந்து, இப்படியே ஒரு ராத்திரி முழுக்க நல்ல மெஷினை செத்ததா நெனைச்சு அல்லாடினவங்க இருக்காங்க. 15 நிமிஷம் டைமர் வச்சுட்டு கீழ கோப்பிக்கடைக்குப் போயிட்டு வாங்க. சிமாஸ் கிளியர் (பயோஸ் செட்டிங்கை அழிக்கறது) பண்ணாலும், ரேமை மாத்தினாலும் இது மறுபடி நடக்கும், ஞாபகம் வச்சுக்கோங்க.

வந்து பார்த்தும் கருப்புன்னா, மானிட்டர் கேபிள் எங்க மாட்டியிருக்கு? கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா அதுல மாட்டணும், போர்டுல இல்ல. கேஸுக்குப் பின்னாடி கார்டோட ஓட்டைகள் கீழ படுக்கையா இருக்கும், போர்டோடது மேல நெட்டுக்க இருக்கும். மானிட்டர்ல சரியான இன்புட் தேர்ந்தெடுத்திருக்கான்னும் பாருங்க, எச்டிஎம்ஐ 1ல கேபிளை மாட்டிட்டு டிஸ்ப்ளேபோர்ட்ல தேடிட்டு இருக்கும். டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் அடம் பிடிச்சா முதல் பூட்டுக்கு மட்டும் எச்டிஎம்ஐ போட்டுப் பாருங்க.

கார்டு இல்லாம போர்டுலேயே மாட்டினா எல்லா சிபியுவும் படம் காட்டாது. இன்டெல்ல பேருக்குக் கடைசியில எஃப் இருந்தா, உதாரணத்துக்கு 12400எஃப், உள்ள கிராஃபிக்ஸ் கிடையாது. ஏஎம்டியோட பழைய ஏஎம்4 சாக்கெட்ல ரைசன் 5600ல கிடையாது, 5600ஜியில உண்டு. ஏஎம்5ல 7600ல உண்டு, 7500எஃப்ல கிடையாது. கிராஃபிக்ஸ் கார்டை அப்புறம் வாங்கிக்கலாம்னு விட்டுட்டு 5600 போட்டு ஆன் பண்ணா எத்தனை நாள் பார்த்தாலும் கருப்புதான்.

இதெல்லாம் சரின்னா போர்டுல இருக்கிற நாலு குட்டி லைட்டைத் தேடுங்க, பெரும்பாலும் வலது பக்க மேல் மூலையில, 24 பின் பக்கத்துல இருக்கும். ஏசூஸ்ல க்யூ-எல்இடி, எம்எஸ்ஐல ஈசி டீபக், பேர் எதுவா இருந்தாலும் சிபியு, டிராம், விஜிஏ, பூட்னு நாலு. போர்டு வரிசையா ஒவ்வொண்ணா சோதிச்சுட்டுப் போகும், எந்த லைட் அணையாம எரிஞ்சிட்டே நிக்குதோ அங்க கோளாறு. கலரை நம்பாதீங்க, மாடலுக்கு மாடல் மாறும், பக்கத்துல அச்சடிச்ச பேரைப் படிங்க. லைட்டே இல்லாத மலிவு போர்டுன்னா, சில வெள்ளிக்கு கிடைக்கிற குட்டி பஸ்ஸர் ஸ்பீக்கரை வாங்கி மாட்டி பீப் எண்ணி மேனுவல்ல பாருங்க.

டிராம் லைட் நின்னா: ரேமைக் கழட்டிட்டு ஒரே ஒரு ஸ்டிக்கை ஏ2 ஸ்லாட்ல போடுங்க. சிபியுலேர்ந்து எண்ணினா ரெண்டாவது. நாலு ஸ்லாட் போர்டுல ரெண்டு ஸ்டிக் போடறதுன்னா ரெண்டாவதும் நாலாவதும், முதல் ரெண்டுல போடக்கூடாது, அடுத்தடுத்தும் போடக்கூடாது. அழுத்தறதுல ஒரு விஷயம்: இப்ப வர்ற போர்டு பலதுல ஒரு பக்கம்தான் கொக்கி, இன்னொரு பக்கம் அசையாது, கொக்கி இருக்கிற பக்கம் "டக்" கேட்டதும் மாட்டிடுச்சுன்னு விட்டுடுவோம், அசையாத பக்கம் ஒரு மில்லிமீட்டர் தூக்கி நிக்கும். கண்ணை ஸ்லாட் மட்டத்துக்குக் கொண்டு போய் பக்கவாட்டுல பாருங்க, தங்க நிறக் கோடு ஒரு முனையில தெரிஞ்சு இன்னொரு முனையில தெரியலேன்னா சாய்வா உக்காந்திருக்கு. ரெண்டு கட்டைவிரலையும் ரெண்டு முனையில வச்சு சேர்த்து அழுத்துங்க. ஒரு ஸ்டிக்ல ஓடி இன்னொண்ணுல ஓடலேன்னா ஸ்டிக் கெட்டது, எந்த ஸ்டிக் போட்டாலும் ஒரு பக்க ஸ்லாட்ல மட்டும் ஓடலேன்னா சிபியு சாக்கெட் பக்கம் போகணும். கூலரை ஒரு மூலையில அதிகமா இறுக்கினாலும் ஒரு சேனல் ரேம் காணாமப் போகும், நாலு ஸ்க்ரூவையும் தளர்த்தி குறுக்குக்குக் குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கிப் பாருங்க, அதுலயே சரியான மெஷின் நெறைய.

சிபியு லைட் நின்னா: சிபியு பவர் கேபிளைத்தான் முதல்ல பார்க்கணும். போர்டோட மேல் இடது மூலையில 8 பின், சில போர்டுல கூட ஒரு 4 பின்னோ 8 பின்னோ இருக்கும். இது 24 பின்னை விட தனி, இது இல்லாம ஃபேன் சுத்தும் லைட் எரியும், சிபியு மட்டும் தூங்கும். கிராஃபிக்ஸ் கார்டோட 8 பின்னும் இதுவும் பார்க்க ஒண்ணு போல இருக்கும், ஆனா வேற. 4+4ஆ பிரியறது சிபியுக்கு, 6+2ஆ பிரியறது கார்டுக்கு, பலம் போட்டு மாத்தி குத்தாதீங்க.

கேபிள் சரின்னா கூலரைக் கழட்டி சாக்கெட்டைப் பார்க்கணும். இன்டெல் எல்ஜிஏ1700லயும் ஏஎம்5லயும் ஊசி போர்டுல இருக்கு, ஏஎம்4ல சிபியுல இருக்கு. ஏஎம்4 கூலரை ஜில்லுனு இருக்கும்போது நேரா இழுத்தா நடுவுல தடவின தெர்மல் பேஸ்ட் ஒட்டிக்கிட்டு சிபியுவும் சேர்ந்தே பிடுங்கிட்டு வரும், திருகித் திருகி லேசாக்கிட்டு எடுங்க. எல்ஜிஏ சாக்கெட்ல ஃபோன் டார்ச்சை தாழ்வா ஒரு பக்கத்துலேர்ந்து அடிச்சு, நாலு பக்கத்துலேர்ந்தும் ஃபோட்டோ எடுத்துப் பெருசாக்கிப் பாருங்க. நல்ல ஊசியெல்லாம் ஒரே திசையில ஒரே மாதிரி பளபளக்கும், மடங்கினது மட்டும் அந்த வரிசையில வேற பக்கம் மின்னும், இல்ல இருட்டா இருக்கும். மடங்கியிருந்தா கைநடுக்கம் இல்லாத ஒருத்தரை, லெட் எடுத்த மெக்கானிக்கல் பென்சிலோட, பொறுமையா நிமிர்த்த சொல்லலாம், ஆனா ஒடிஞ்சுதுன்னா போர்டு போச்சு, அதனால புது போர்டுன்னா கை வைக்கறதுக்கு முன்னாடி கடையில கேட்டுடறது நல்லது.

விஜிஏ லைட் நின்னா: கார்டைக் கழட்டி மேல் ஸ்லாட்ல மறுபடி உக்கார வைங்க, பின்னாடி கொக்கி விழணும். பவர் கேபிள் எல்லா ஓட்டைக்கும் போயிருக்கா? புது என்விடியா கார்டோட 16 பின் கனெக்டரை முழுசா, இடைவெளியே தெரியாத அளவுக்கு அழுத்துங்க, பாதி உக்காந்தா கார்டு கிளம்பாம போகறதோட நிக்காது, சூடாகி உருகவும் செய்யும். கைமாத்தி வாங்கின ரொம்பப் பழைய கார்டுன்னா அதுல யூஇஎஃப்ஐ (புது பயோஸ் முறை) ஆதரவு இல்லாம இருக்கலாம், இப்பத்திய போர்டு பலதுல அது படமே காட்டாது. சிபியுல கிராஃபிக்ஸ் இருந்தா கார்டை மொத்தமா எடுத்துட்டு போர்டுல கேபிள் மாட்டிப் பாருங்க, ஒரே நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

பயோஸ் பழசா இருந்தா

சிபியு லைட் நிக்குது, கேபிள் சரி, ஊசி சரி. அப்ப போர்டுக்கு இந்த சிபியுவைத் தெரியுமான்னு கேளுங்க. பி650 போர்டு 2022 அக்டோபர்ல வந்தது, ரைசன் 9000 வந்தது 2024 ஆகஸ்ட்ல. கடை அலமாரியில பழைய ஸ்டாக்கா உக்காந்திருந்த போர்டுல அந்த சிபியுவைப் பத்தின தகவலே இருக்காது. இன்டெல்ல பி660 போர்டுல 13ஆம் தலைமுறை போட்டாலும் இதே கதை. போர்டு கம்பெனியோட சைட்ல சிபியு சப்போர்ட் லிஸ்ட்ல எந்த பயோஸ் வெர்ஷன்லேர்ந்து ஆதரவுன்னு போட்டிருப்பாங்க. போர்டு டப்பா மேல இருக்கிற ஸ்டிக்கர்ல சில சமயம் உள்ள இருக்கிற வெர்ஷன் தெரியும்.

பின்னாடி பயோஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தா கவலையே வேணாம், சிபியு, ரேம் எதுவும் இல்லாமலே அப்டேட் பண்ணலாம். சின்ன பென்டிரைவ், ஃபேட்32 ஃபார்மட், அதுல பயோஸ் ஃபைல் ஒண்ணே ஒண்ணு. ஃபைல் பேரை மாத்தணும்: எம்எஸ்ஐ, கிகாபைட், ஏசூஸ்னு ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு பேரு, மேனுவல்ல எழுத்து பிசகாம போட்டிருக்கும். அதுக்குன்னு அடையாளம் போட்ட யூஎஸ்பி ஓட்டையில குத்தி, 24 பின்னும் சிபியு பவரும் மாட்டி, பட்டனை அமுக்கினா லைட் மின்ன ஆரம்பிக்கும். மின்னறது நிக்கற வரைக்கும், பத்து நிமிஷம் ஆனாலும், கரண்டைத் தொடாதீங்க. ஆரம்பிச்ச ஒரு சில விநாடியிலேயே மின்னறது நின்னா ஃபைல் பேரோ ஃபார்மட்டோ தப்பு. பட்டன் இல்லாத போர்டுன்னா பழைய சிபியு ஒண்ணு இரவல் வாங்கணும், இல்ல வாங்கின கடையிலேயே அப்டேட் பண்ணித் தரச் சொல்லணும்.

வருது, கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சிடுது

சூடு. கூலருக்கு அடியில ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிச்சீங்களா? பேஸ்ட் இருக்கா? வாட்டர் கூலர்னா பம்ப் ஒயர் மாட்டியிருக்கா, ட்யூபைத் தொட்டா லேசா அதிர்வு தெரியணும். பயோஸ் உள்ள போய் சிபியு டெம்பரேச்சரைப் பாருங்க, நம்ம ஊர் 30 டிகிரி ரூம்ல பயோஸ்ல சும்மா நிக்கும்போது 40, 50ன்னா ஒண்ணும் இல்ல, கண் முன்னாடியே 80, 90ன்னு ஏறிட்டே போனா உடனே ஆஃப் பண்ணிட்டு கூலரைக் கழட்டிப் பாருங்க. பேஸ்ட் ரெண்டு பக்கமும் பரவலா ஒட்டியிருக்கணும், நடுவுல வச்ச பொட்டு அப்படியே இருந்தா கூலர் சிபியுவைத் தொடவே இல்ல, பிராக்கெட் தப்பு. சிபியு ஃபேன் எர்ரர்னு மட்டும் வந்தா ஃபேன் ஒயரை சிபியு ஃபேன்னு போட்ட இடத்துக்கு மாத்துங்க, முடிஞ்சது.

எக்ஸ்போ, எக்ஸ்எம்பி போட்டதும் கருப்பாயிடுச்சு

நல்லா ஓடிட்டு இருந்தது, எக்ஸ்போ, எக்ஸ்எம்பிங்கற பயோஸ் செட்டிங்கால ரேம் ஸ்பீடை ஏத்தினதும் போச்சுன்னா சிமாஸ் கிளியர். பிளக்கைப் பிடுங்கிட்டு, மேனுவல் காட்டுற ரெண்டு பின்னை ஸ்க்ரூ டிரைவரால ஒரு பத்து விநாடி சேர்த்துப் பிடிங்க, அல்லது 2032 பட்டன் பேட்டரியை எடுத்துட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு போடுங்க. மறுபடி ட்ரெய்னிங் ஓடும், காத்திருங்க. அப்புறம் முதல்ல பயோஸ் அப்டேட், அதுக்கு அப்புறம்தான் எக்ஸ்போ. நாலு ஸ்டிக் போட்டு 6000 ஸ்பீடு கேட்டா பல மெஷின் தராது, ரெண்டு பெரிய ஸ்டிக்கா வாங்கறதுதான் என் பரிந்துரை.

பயோஸ் வருது, விண்டோஸ் வரல

கொண்டாடுங்க, ஹார்ட்வேர்ல பெரும் பகுதி பாஸ். புது எஸ்எஸ்டில ஒண்ணும் இல்லாததால பூட் டிவைஸ் இல்லேன்னு சொல்றது கோளாறே கிடையாது, விண்டோஸ் பென்டிரைவ் போட்டு இன்ஸ்டால் பண்ணணும். எஸ்எஸ்டியே பயோஸ்ல தெரியலேன்னா கழட்டி மறுபடி சாய்வா நுழைச்சு அழுத்தி ஸ்க்ரூ போடுங்க, வேற எம்.2 ஸ்லாட்லயும் (எஸ்எஸ்டி போர்டுல நேரா உக்கார்ற இடம்) பாருங்க. சில போர்டுல ஒரு எம்.2 ஸ்லாட் நிரம்பினா ஒண்ணு ரெண்டு சாட்டா ஓட்டை (கேபிள் வச்சு டிரைவ் மாட்டற இடம்) அணைஞ்சிடும், அது மேனுவல்ல இருக்கும். பயோஸ்ல தெரிஞ்சு விண்டோஸ் இன்ஸ்டாலர்ல மட்டும் தெரியலேன்னா, இன்டெல்ல விஎம்டின்னு ஒரு செட்டிங் ஆன்ல இருக்கலாம், அதை அணைச்சுட்டு பாருங்க. பழைய கம்ப்யூட்டர்லேர்ந்து விண்டோஸ் இருக்கிற டிரைவை அப்படியே கொண்டு வந்து மாட்டி பூட் ஆகலேன்னா, அது எம்பிஆர்ங்கற பழைய டிஸ்க் பிரிப்பு முறையில இருக்கலாம், டேட்டாவை காப்பி எடுத்துட்டு புதுசா போடறதுதான் நிம்மதி.

எதுக்கும் மசியலேன்னா

போர்டைக் கேஸ்லேர்ந்து வெளிய எடுத்து அதோட அட்டை டப்பா மேல வைங்க. வெள்ளி நிற ஸ்டாட்டிக் பை மேல வைக்காதீங்க, அதோட வெளிப்பக்கம் கரண்ட் கடத்தலாம். சிபியு, கூலர், ஒரு ரேம், 24 பின், சிபியு பவர், இவ்வளவுதான், சிபியுல கிராஃபிக்ஸ் இல்லேன்னா மட்டும் கார்டு. ஸ்க்ரூ டிரைவரால ஆன் பண்ணுங்க. இங்க ஓடினா கேஸ் பக்கம் கோளாறு. இங்கயும் ஓடலேன்னா மிச்சம் இருக்கிறது போர்டு, சிபியு, ரேம், பவர் சப்ளை நாலுதான், தெரிஞ்சவங்ககிட்ட நல்லா ஓடற பவர் சப்ளையையும் ரேமையும் இரவல் வாங்கி, அதோட கேபிளோடவே, ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க.

கடைக்குப் போகணும்னா

ரோச்சோர் எம்ஆர்டியில இறங்கி சிம் லிம்முக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி, எந்த லைட்ல நிக்குது, என்னென்ன மாத்திப் பார்த்தீங்கன்னு ஃபோன்ல வீடியோவோட வச்சுக்கோங்க, கவுன்டர்ல நிக்கற அண்ணனுக்கு "டிராம் லைட் நிக்குது, ரெண்டு ஸ்டிக்கும் தனித்தனியா போட்டாச்சு, நாலு ஸ்லாட்லயும் பார்த்தாச்சு"ன்னு சொன்னா அவர் அங்கேர்ந்து ஆரம்பிப்பார். ரசீதை எடுத்துட்டுப் போங்க. இங்க லெமன் லா 2012 செப்டம்பர் 1லேர்ந்து இருக்கு, கடையில வாங்கின பொருள்ல ஆறு மாசத்துக்குள்ள குறை தெரிஞ்சா, அது வாங்கும்போதே இருந்த குறைன்னுதான் சட்டம் எடுத்துக்கும், இல்லேன்னு காட்ட வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. ரிப்பேர் அல்லது மாத்திக் கொடுக்கறது முதல்ல, அது முடியலேன்னா விலைக் குறைப்போ பணம் திருப்பறதோ. ஆனா நாம கை வச்சு மடக்கின ஊசிக்கு இது உதவாது, பழைய பொருள் விக்கற கெரோசெல் ஆப்ல ஒரு தனி ஆள்கிட்ட வாங்கினதுக்கும் இது கிடையாது, அதனால பழைய பார்ட்னா அவர் வீட்லயே ஓட விட்டுப் பார்த்துட்டு காசைக் கொடுங்க.

போர்டைத் திருப்பிக் கொடுக்கும்போது சிபியு சாக்கெட்டை மூடற அந்தக் கருப்பு பிளாஸ்டிக் மூடியை மறக்காம மாட்டுங்க, அது இல்லாத போர்டை வாங்க மறுக்கலாம். மாட்டறதுக்கு முன்னாடி கவுன்டர்லயே அவர் கண் முன்னாடி சாக்கெட்டை ஒரு ஃபோட்டோ எடுத்துக்கோங்க.